போருக்குப் பக்கத்தில் விழுந்த பள்ளம்

பாவாயி எதற்கும் மூக்கைச் சுளிக்கிற ஆள் இல்லை. புதுச்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கோழிப்பண்ணையில் எரு வாருகிறாள். முகத்தில் மொய்க்கும் ஈயைப் புறங்கையால் தள்ளிவிட்டுச் சோறு தின்பாள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவள் வேறு மனுஷி. வாசலுக்கு வந்தவர் யாரானாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே. "உங்க ஊட்டுத் தண்ணி எளநியாட்ட இருக்குதுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது.

அந்தத் தண்ணீர் சமையலறைக்குப் பின்னாலிருந்த போர்க்குழாய்க் கிணற்றிலிருந்து வந்தது. போர் போட்ட சொந்தக்கார ரிக் வண்டிக்காரர்கள், மண்ணும் அழுக்கும் உள்ளே இறங்காமல் தடுக்கிற கேசிங் பைப்பைப் பாறை வரைக்கும் இறக்காமல் நடுமண்ணிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஐப்பசி மழையில் பைப்பைச் சுற்றியிருந்த மண் உள்ளே சரிந்து, இடுப்பளவு பள்ளம் விழுந்தது.

"ஏனுங்க, நல்ல களிமண்ணு போட்டு இறுக்கி, மேல காங்கிரீட்டு போட்டுருங்க" என்றாள் புருஷன் மயில்சாமியிடம்.

"நா பாத்துக்கறன் போ புள்ள."

பார்த்துக்கொண்டார், மகராசன்! அவள் சூரமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பண்ணையில் கோழிகள் சீக்கில் விழுந்தன. புதைக்கத் தனிக்குழி வெட்டச் சோம்பல். வீட்டுக்குப் பின்னால்தான் வெட்டாத குழி ஒன்று கிடக்கிறதே! செத்த கோழி, அழுகின முட்டை, அதன் மேல் எரு, அதற்கும் மேல் நாலு கூடை மண். சீ, சொல்லவே நாக்குக் கூசுகிறது.

திரும்பி வந்தவள் தரை சமமாக இருப்பதைப் பார்த்து மனுஷனை மெச்சிக்கூடக் கொண்டாள். கொஞ்ச நாளில் கை கழுவினால் கையில் நாற்றம், உலை வைத்தால் உலையில் நாற்றம். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தரை மறுபடி உள்வாங்கியிருந்தது. குச்சியால் கிளறினாள். புழு நெளிகிற கோழிக்கால் ஒன்று மேலே வந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

"இந்தக் கருமத்தையாங்க இத்தன நாளாக் குடிச்சோம்?" என்றாள், சத்தம் கேட்டு வந்த மயில்சாமியிடம்.

"மண்ணுக்குள்ள போனா எல்லாம் மண்ணுதான். குடிச்சு இப்ப என்ன செத்தா போயிட்ட?"

அவள் உள்ளே போய் வாயைக் கொப்பளித்து முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது. மகளின் மாமனார் நவநீதகிருஷ்ணன் இறங்கினார். மயில்சாமி வரவேற்று உட்கார வைத்துவிட்டு, உள்ளே வந்து அவள் காதோரம் கிசுகிசுத்தார்.

"கட்டிலுக்கு அடியில கேன் தண்ணி வாங்கி வெச்சிருக்கறன். சம்பந்திக்கு அதுல மோந்து குடு."

குனிந்து பார்த்தாள். கேன் பாதிதான் இருந்தது. அப்படியானால் இவர் இத்தனை நாளும் இதைத்தான் குடித்திருக்கிறார்! கோழிக்காலைக் கண்டு வந்ததைவிடப் பெரிய குமட்டல் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வந்தது. கட்டிக்கொண்டவளுக்குச் சாக்கடை, தனக்குக் கேன்! தூ!

இரண்டு சொம்போடு வாசலுக்கு வந்தாள்.

"சம்பந்தி, உங்களுக்குக் கேன் தண்ணிங்க. இவிங்களுக்கு நம்மூட்டுப் போர்த் தண்ணி."

"எனக்குத் தாகமில்ல புள்ள" என்றார் மயில்சாமி.

"குடிங்க. குடிக்கிற வரைக்கும் நா இங்கியேதான் நிப்பேன்."

சொம்பை வாய்ப்பக்கம் கொண்டுபோனவர் ஓங்கரித்துக் கீழே வைத்தார். சம்பந்தி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் நடந்ததை ஒன்று விடாமல் பாவாயியே சொன்னாள்.

அதற்குமேல் மயில்சாமியால் அங்கே உட்கார முடியவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். ஒரு கையில் கூடை, மறுகையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார்.

பாவாயி பின்னாலேயே வந்து மேட்டில் நின்றாள்.

"மூக்க உடுங்க. ரெண்டு கையிலயும் அள்ளுங்க."