நல்ல தண்ணி என்று சொன்ன நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போய்விட்டது. தண்ணீர் பரிசோதனைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காக எழுதச் சொன்னார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பாட்டில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். மேட்டுத்தெருவில் இரண்டு குழாய். போர் தண்ணீர் வருவது உப்புத்தண்ணிக் குழாய். குடிக்க ஆற்றுத் தண்ணீர் வருவது நல்லதண்ணிக் குழாய். ஐம்பது வயதுக்கு மேல்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு நாள் டிரெயினிங், கையில் ஒரு கிட் பெட்டி. மருந்து போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும். கருப்பானால் கிருமி இருக்கிறது. உடனே ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா கேலி செய்வார். "ஏனம்மணி, பாட்டில் கைக்கு வந்ததும் டாக்டரம்மா ஆயிப்போட்டயா? எங்கூட்டுக்காரருக்கு வாய் கொறையறதுக்கு ஒரு ஊசி போடு."

"மொதல்ல அவளுக்குப் போடுங்க" என்று உள்ளேயிருந்து அவர் கணவர் சொல்வார்.

2. போன்

மூன்றாவது முறை நல்லதண்ணிக் குழாயில் பிடித்த பாட்டில் மறுநாளே மை மாதிரி கருத்துவிட்டது. ஆபீசுக்குப் போன் செய்தேன். இன்ஜினியரே எடுத்தார். பெரிய ஆட்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. மேட்டுத்தெருவிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"மேட்டுத்தெரு தண்ணி என்னங்கம்மா?"

எந்தக் குழாய் என்று கேட்கிறார் என நினைத்தேன். "நல்ல தண்ணிங்க" என்றேன்.

"அப்பச் சரிங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். கருத்ததை நான் இன்னும் சொல்லவே இல்லை. மறுபடி கூப்பிட்டால் திட்டுவாரோ என்று போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் பாப்பாத்தி அக்கா கேட்டார். "பாட்டில் கருத்துப்போச்சாமா? குடிக்கலாமா, வேண்டாமா?"

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலீங்கக்கா."

"அப்பக் குடிக்கலாம்னு சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை.

3. அந்த வாரம்

தெருவில் நாலைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கு. பாப்பாத்தி அக்காவின் கணவர் ஏற்கெனவே நோயாளி. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டார். பிறகுதான் ஆபீஸ் ஆட்கள் வந்து தோண்டினார்கள். பைப் சாக்கடைக்குள் விரிசல் விட்டுக் கிடந்தது.

தண்ணீரால்தான் இறந்தார் என்று டாக்டர் எழுதித் தரவில்லை. அதைச் சொல்லிப் பலரும் என்னைத் தேற்றினார்கள். பாப்பாத்தி அக்கா தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காச்சிக் குடுத்திருப்பனே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

போனை எடுத்ததும் முதலில் நிறத்தைச் சொல்லுங்கள். குழாயைப் பிறகு சொல்லலாம். ஆபீஸ் என்ன சொல்லும் என்று காத்திருக்காமல் தெருவில் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மருந்தின் பெயர், எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். நான் வாயைத் திறக்கவில்லை என்று எழுதிய இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.