நாற்பது ‘ம்’

என் அக்காவை ‘மக்கு’ என்று கூப்பிட்டுவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தவர் போன வருஷம்வரை இந்தத் தீவில் ஒருவர்தான். அந்தப் பெயரை வைத்த கணக்கு வாத்தியார். நாலாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரே ஓர் இடத்தில் தடுக்கினாள், பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தம்பி விளையாட்டாக அப்படிச் சொல்லப்போக, பட்டுப்புடவையோடு செருப்பைத் தேடினாள். அன்றிலிருந்து அவர் அண்ணி முன்னால் உட்காருவதே இல்லை.

அக்காவுக்குக் குப்பை பிரிக்கும் கூடத்தில் வேலை. படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் நீள மேசை. பழத்தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை எல்லாம் உரக்குழிக்கு. பாட்டிலும் பாலித்தீனும் மூட்டையாகி அக்கரைக்குப் படகேறும். அந்தக் கூடம் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கடற்கரையில்தான் கொளுத்தினார்கள். சுற்றுலா வந்தவர்கள் இருமிக்கொண்டே கடலைப் பார்த்துவிட்டு அடுத்த படகில் திரும்பினார்கள். விடுதியில் படுக்கை விரிக்கிறவள் நான். ஆள் படுக்காத கட்டிலுக்குத் தினமும் விரிப்பு மாற்றியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

போன வருஷம் சுகாதார அலுவலருக்கு ஒரு யோசனை வந்தது. வீதியிலேயே பிரித்துப் போடட்டும் என்று நாற்பது இடங்களில் ஜோடி ஜோடியாகத் தொட்டி வைத்தார். பச்சையில் ‘மக்கும்’, நீலத்தில் ‘மக்காதது’. எல்லாம் தகரத்தில் வெட்டிய எழுத்து. படகில் எல்லா எழுத்தும் வந்தது, ‘ம்’ இருந்த பெட்டியைத் தவிர. ஓர் எழுத்துதானே, வரும்போது வரட்டும் என்று மனிதர் இருந்ததை வைத்து அடித்துவிட்டார்.

ஆக, தீவு முழுக்க நாற்பது பச்சைத் தொட்டி, ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ‘மக்கு’.

யார் போடுவார்கள்? மாமியார்கள் மருமகள்களை அனுப்பினார்கள். மருமகள்கள் கணவன்மார்களை அனுப்பினார்கள். கணவன்மார்கள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு நீலத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள். எங்கள் விடுதி மேலாளர் ஒரு தர்பூசணித் தோலைக் கைப்பையில் வைத்து மூன்று நாள் சுமந்தார். சுற்றுலாக்காரர்கள் பச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவரையொருவர் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள், பழத்தோலைக் கடலில் வீசினார்கள். நீலத்தில் விழுந்தது பிரிக்காமலே அக்கரைக்குப் போக, உரக்குழி காய்ந்து கிடந்தது.

அலுவலர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். பதினைந்து நாளில் நிறையவில்லை என்றால் கூடத்தைப் பூட்டிவிட்டுப் பழையபடி கொளுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா சாயமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போய், நாற்பது ‘ம்’மையும் நானே எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். கையால் எழுதினால் தீவின் அழகு கெடுமாம். ஊரே நாறினால் கெடாதாம்! எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

பத்து நாள் போனது. அன்று காலை துறை வீதித் தொட்டியருகே அக்கா நின்றிருந்தாள், கூட நானும். தேயிலைச் சக்கைப் பொட்டலத்தோடு கணக்கு வாத்தியார் வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மிடுக்கு மட்டும் ஓயவில்லை. நேராக நீலத் தொட்டிக்கு மேல் கையை நீட்டினார். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

“பச்சைல போடுங்க சார்.”

“என்னைப் பாத்தா மக்கு மாதிரியா இருக்கு?”

டீக்கடைப் பக்கம் சிரித்தார்கள். அக்காவின் முகம் சிவந்தது. செருப்பு பறக்கப்போகிறது என்று நான் ரெண்டடி தள்ளி நின்றேன்.

“இல்ல சார். மக்கு நான்தான். நீங்க வச்ச பேருதானே? அதைத்தான் ஊரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. இது என் தொட்டி. எனக்குக் குடுக்கறதா நெனச்சுப் போடுங்க.”

வாத்தியார் பொட்டலத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. பச்சைத் தொட்டியில் மெதுவாகப் போட்டுவிட்டுத் தலை குனிந்தபடி போனார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். “இந்தா மக்கு, பழத்தோல்” என்று கூப்பிட்டுப் போட்டார்கள். அக்காவும் சரி சரி என்று தலையாட்டினாள். இருபத்தைந்து வருஷம் மல்லுக்கட்டியவள் ஒரு குழிக்காக இப்படி விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். பதினாலாம் நாள் குழி நிறைந்தது. கூடம் தப்பியது.

அடுத்த மாதம் அந்த ‘ம்’ பெட்டி வந்தது. உடனே அடித்துவிடச் சொல்லி அலுவலர் சுத்தியலையும் கொடுத்தார். அக்கா ஓர் எழுத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் தட்டினாள்.

“தகரம் சார். மக்காது” என்று சொல்லிவிட்டு, நாற்பதையும் நீலத் தொட்டியில் கொட்டினாள்.