படிக்காமல் போட்ட கையெழுத்து

புதுச்சத்திரம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட வந்திருந்த ஓர் அமெரிக்கருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். நெடிய மனிதர், வெயிலில் பிடரி சிவந்து கிடக்கும். எந்தத் தாளையும் நான்கு முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

“ஏனுங்க, தொரை இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டுத்தான் இருக்காருங்களா?” என்று கிணற்றுக்கு இடம் கொடுத்த காட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, பசிதான் வரும்.

ஒருநாள் காரணத்தைக் கேட்டேவிட்டேன்.

ஊரில் அவர் கோல்ஃப் ஆடியே பிழைத்தவராம். எத்தனை தடவை அடித்துப் பந்து குழிக்குள் போனது என்பதை உடன் ஆடுகிறவர்தான் சீட்டில் எழுதுவாராம்; எண்ணிக்கை குறைந்தவருக்கே வெற்றியாம். ஆடியவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு குறைக்க முடியாது. பெரிய பந்தயம் ஒன்றில் இவர் ஜெயித்த அன்று, கூட ஆடிய நண்பர் நான்கு என்பதை ஆறு என்று எழுதிவிட்டார். சந்தோஷத்தில் இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கோப்பை இன்னொருவருக்குப் போயிற்று.

“நண்பர்மேல் கோபம் இல்லையா?”

“இல்லை. அவன்தான் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காகக் கடிதம் போடுகிறேன், பதில் இல்லை.”

அந்த மாசியில் பதில் வந்தது. எழுதியவர் நண்பரின் மனைவி. கணவர் இறந்துவிட்டார் என்றும், கடிதங்கள் எல்லாம் பிரிக்காமலே பெட்டியில் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்.

அன்று மாலை நான் நீட்டிய தாள்களில் ஒன்றைக்கூடப் படிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டார்.

“இன்னைக்குச் சீக்கிரமே முடிஞ்சு போச்சுங்களே!” என்றார் காட்டுக்காரர்.

நான் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் நான்கு முறை படித்தேன்.