நீர்நாய்க் குட்டி அழுத சத்தம்

சிகுசாவுக்குக் குரல்தான் பிழைப்பு என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் இனோகுமா கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆள் வந்தால் "வாங்க, வாங்க" என்பாள். அதுவும் என் குரலுக்கு அடியில் அமுங்கிப்போகும். என் குரலுக்கு முன்னால் ரயில் கேட் மணியே தோற்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். டோக்கியோவுக்கு மேற்கே, தண்டவாளத்தை ஒட்டிய கடைத்தெருவில் உருளைக்கிழங்கை மசித்து உருட்டிப் பொரிக்கிற கொரொக்கேயும் பொரித்த மீனும் விற்கிறவளுக்கு அப்படி ஒரு குரல் இல்லாமல் முடியாது.

ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட்டின் கூரையிலிருந்து "இன்று கானாங்கெளுத்தி மலிவு" என்று ஒரு பெண் கூப்பிடுகிறாளே, அது சிகுசா. மருத்துவமனை லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்பதும் அவள்தான். வெளிநாட்டுப் படத்தை ஜப்பானியமாக்கும்போது அதில் ஒரு கூட்டம் கத்தினால், அந்தக் கூட்டத்தில் நாலைந்து குரல் அவளுடையதாகவே இருக்கும். இதெல்லாம் சேர்ந்தும் வாடகைக்குப் போதாததால் மிச்ச நாட்களில் என் கடையில் கொரொக்கே பொரிக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. தனி ஆள். கோபம் என்று ஒன்று அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவள் பங்குக்கும் சேர்த்து வரும்.

அவள் வாழ்க்கையில் பெரிதாக நடந்தது முகு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் வந்தது, நீர்நாய்க் குடும்பத்தின் கதை. அதில் கடைக்குட்டி முகுவுக்குக் குரல் தேடி எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சிகுசாவை எடுத்தார்கள். படம் கோடை முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவள் பெயரே முகு அத்தைதான்.

"முகு அத்தை, ஒரே ஒரு தடவை!" என்று கடை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டும். சிகுசா இடுக்கியைக் கீழே வைப்பாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு ஈர மூக்குக் குரல் வரும். "அம்மா, தண்ணி குளிருதும்மா!" பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். அந்த நேரத்தில் மட்டும் அவள் முதுகு நிமிர்ந்து நிற்கும். எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று செய்தி வந்ததும்தான் வினை ஆரம்பித்தது.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் யாருக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று பட நிறுவனம் அறிவிக்கும்வரை ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. கிடைத்தவளும் சொல்லக்கூடாது, கிடைக்காதவளும் சொல்லக்கூடாது. பெற்ற தாயிடம்கூட. வாய் தவறினால் ஏஜென்சி கைகழுவிவிடும். பிறகு கானாங்கெளுத்தி வேலைகூடக் கிடைக்காது. இந்தக் கட்டுப்பாடு எங்கள் தெருவுக்கும் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறைதான் அவளைப் படாத பாடு படுத்தியது.

எங்கள் கடைத்தெருச் சங்கத்தின் தலைவர் தொகாஷி, மதுக்கடைக்காரர். நல்ல மனிதர். வாயை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் தங்கமான மனிதர். ஒருநாள் வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றி, மரியாதையாகப் பெயரோடு 'சான்' சேர்த்தே ஆரம்பித்தார்.

"சிகுசாசான், முகு ரெண்டாம் பாகம் வருதாமே?"

"ஆமாங்க தலைவரே, நானும் பார்த்தேன்."

"குரல் நீங்கதானே?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்க."

"ஆ! தெரியாது!" அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "புரிஞ்சுது, புரிஞ்சுது. நான் எதுவும் கேக்கல. நீங்க எதுவும் சொல்லல. ரெண்டு கொரொக்கே குடுங்க."

அவள் சொன்னது நிஜம். அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. காத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரன் பையில் ஃபோன் அதிர்ந்தால் போதும், சட்டியில் இருப்பது கருகிவிடும். ஆனால் தெருவின் கணக்கே வேறு. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். காய்கறிக்கடைக்காரி, சைக்கிள் கடைக்காரர், எல்லோரும் அந்த ரகசியத்தை அவளுக்காகக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அவளைக் கடந்து போகும்போதெல்லாம் உதட்டில் விரல் வைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கோடைக்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. சிகுசா அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் உருளைக்கிழங்கு அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ சத்தம். நாய்க்குட்டி நுழைந்துவிட்டதோ என்று நினைத்தேன். வார்த்தை எதுவும் இல்லாத அழுகை அது. வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அடக்கி அடக்கி, ஒவ்வொரு முறை முடியும்போதும் மூச்சு உள்ளே போக வழி தெரியாமல் விக்கல் மாதிரி தட்டி நின்றது. கதவைத் திறந்தேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தாள்.

"எண்ணெய் தெறிச்சிடுச்சுங்க."

இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் பிடித்தேன். ஒரு சிவப்புகூட இல்லை. தண்ணீர் அந்த நல்ல கையில் விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"இன்னும் கொஞ்ச நேரம் காட்டு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும், இல்லை வேலையை இழக்க வேண்டும்.

அன்றிலிருந்து நானும் மாட்டிக்கொண்டேன். தொகாஷி துணி மாதிரிகளோடு வந்தார். அறிவிப்பு வருகிற அன்றைக்கே தெரு முனையில் பேனர் கட்டப் போகிறாராம். 'முகு எங்க தெருக்காரி!' என்று ஆள் உயர எழுத்தில்.

"தலைவரே, சங்கத்துக்கு இதெல்லாம் எதுக்கு? துணி வீணாப் போகும்."

"அட, இனோகுமாசான்! உங்க வாயையும் கட்டிட்டாங்களா?"

"யாரும் கட்டல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பாத்தீங்களா, அவங்க சொன்ன அதே வார்த்தை. நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க."

போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாது என்று அடித்துச் சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அது போதாதென்று பிள்ளைகளைக் கூப்பிட்டு முகு படம் வரையச் சொல்லியிருக்கிறார், பேனரோடு சேர்த்துத் தொங்கவிட. பிள்ளைகள் தாளும் கிரேயானுமாக நேரே எங்கள் கடைக்குத்தான் வந்தன. சிகுசா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "மீசையை இன்னும் கொஞ்சம் நீளமா போடு, செல்லம்" என்றாள். பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"சிகுசா, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோ. சம்பளத்தைப் பத்தி யோசிக்காதே."

"லீவு எடுத்தா ஏன்னு கேப்பாங்களே."

"அப்போ வந்து நின்னு இப்படிச் சாகப் போறியா?"

"நிக்கறதுதான் சுலபங்க" என்றாள். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னாள்.

அறிவிப்பு ஒரு காலையில் டிவியில் வந்தது. மினாசே கனோன் என்ற இளம் நடிகை, வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், நீர்நாய்க் காது வைத்த தொப்பியோடு மேடைக்கு வந்து குனிந்து வணங்கினாள். "புது முகு நான்தான்!" கேமராக்கள் பளிச்சிட்டன. சிகுசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரொட்டித்தூள் ஒட்டிய கையால் மெதுவாகக் கைதட்டினாள்.

"அழகா இருக்காங்க, இல்ல?"

தொகாஷி அன்றைக்கு வந்து கவுண்டரில் நின்றார். தலையைச் சொறிந்தார், பத்துக் கொரொக்கே வாங்கினார், போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு வியாபாரம் அமோகம். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் கொரொக்கே வாங்கினார்கள். பேனர் மதுக்கடை மாடியில் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகளிடம் அப்படி மழுப்ப முடியாதே. காய்கறிக்கடைப் பெண் குழந்தை வந்து நேராகக் கேட்டுவிட்டது.

"அத்தை, நீங்க இனிமே முகு இல்லையா?"

"இப்போ இன்னொரு அக்காதான் முகு."

"ஒரே ஒரு தடவை பேசிக் காட்டுங்க."

"அது அந்த அக்காவோட குரல், செல்லம். நான் பேசினா தப்பு."

அதோடு அந்த ஈர மூக்குக் குரல் எங்கள் வாசலில் நின்றுபோனது.

கோடை கழிந்ததும் சிகுசா ஒரு நாள் லீவு கேட்டாள். பல் டாக்டராம். மறுநாள் வந்தபோது அவளுக்குக் குரலே இல்லை. "வாங்க" என்பதற்குப் பதிலாகக் காற்றுதான் வந்தது.

"ஏண்டி, உன் டாக்டர் பல்லைத் தொண்டையிலேருந்தா பிடுங்கினார்?"

சத்தமே இல்லாமல் சிரித்தாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. இஞ்சியும் தேனும் போட்டு வெந்நீர் கொடுத்தேன்.

படம் வெளியானது. தொகாஷி சங்கத்தைக் கூட்டி, ஒருத்தரும் போகக்கூடாது என்று கட்டளை போட்டார். சிகுசாதான் போய்க் கெஞ்சினாள்.

"போகலாம் தலைவரே. பசங்க எவ்வளவு நாளா காத்திட்டிருக்காங்க. நானும் வரேன்."

"நீங்களுமா? உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

"எனக்குப் பார்க்கணும் போல இருக்கு" என்றாள். நிஜமாகவே அவள் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கிளம்பிப் போனது. நான் சிகுசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறை கண்டுபிடித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பெண், பாவி, நன்றாகவே பேசினாள். கொஞ்ச நேரத்தில் கோபத்தை மறந்து சிரித்துவிட்டேன்.

பாதிக்குமேல், முகு ஆற்றில் மீன்காரர் போட்ட கூண்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஏறுகிறது. அம்மா அக்கரையில். கூப்பிட்டால் வேட்டை நாய்க்குக் கேட்டுவிடும், அதனால் வாயைத் திறக்கக் கூடாது. முகு அழுகிறது. வார்த்தையே இல்லை. அடக்கி அடக்கி, ஒவ்வொரு முறை முடியும்போதும் மூச்சு உள்ளே போக வழி தெரியாமல், விக்கல் மாதிரி தட்டி நிற்கிற அழுகை.

உருளைக்கிழங்கு அறையில் நான் கேட்ட அழுகை அது. அந்தப் பெண்ணுக்கு அழ வரவில்லையோ, தொண்டை தாங்கவில்லையோ, பேச்சை அவளுக்குக் கொடுத்துவிட்டு அழுகைக்கு மட்டும் பழைய ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று அதற்கும் ஒரு கட்டுப்பாடு போட்டிருப்பார்கள். பல் டாக்டர்!

திரும்பிப் பார்த்தேன். சிகுசா திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எங்கள் ஊரில் படம் முடிந்து, திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சமையல் செய்து போட்டவர் பெயர்வரைக்கும் வந்தது. அவள் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் கடைசிவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கூடத்தில் தொகாஷி எல்லோரையும் நிறுத்தினார். அவர் கண்கள் இரண்டும் செக்கச் செவேல் என்று வீங்கியிருந்தன.

"மனசுல பட்டதைச் சொல்லிடறேன். பேச்சு பரவால்ல, போனாப் போகுது. ஆனா அந்தக் கூண்டுக்குள்ள அழுதுச்சு பாருங்க, அது சுத்தப் போலி!"

"ஆமாமா" என்றாள் காய்கறிக்கடைக்காரி, கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டே. "வெறும் தொண்டையிலேருந்து வருது. மனசுலேருந்து வரல."

"அழுகைன்னா என்னன்னே தெரியாத பொண்ணு! நம்ம சிகுசாசான் அழுதிருந்தா நாமெல்லாம் அங்கேயே உருகிப் போயிருப்போம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தலைவரே, அந்த அழுகை..." என்று ஆரம்பித்தேன்.

சிகுசா என் சட்டைக் கையைப் பிடித்தாள். கொரொக்கே உருட்டுகிற கை, நல்ல பலம். துணி கிழிந்துவிடும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"அப்படிச் சொல்லாதீங்க தலைவரே" என்றாள் அவள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "அவங்களும் ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் அழுதிருப்பாங்க."

"பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்!" என்று தொகாஷி தழுதழுத்துக் கைதட்டினார். தெருவே சேர்ந்து கைதட்டியது. சிகுசா எல்லோருக்கும் குனிந்து வணங்கினாள். என் சட்டைக் கையை மட்டும் விடவில்லை.