சாம்பலுக்குள் இருந்த தீ

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மல்லிகைப் பாத்தியில் ஒரு புளியமரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதை எரித்துவிட, சுற்றிலும் உமியைக் கொட்டித் தீ வைத்தேன். இரண்டு நாளில் வெறும் சாம்பல்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பாய் சுவர் வழியே எட்டிப் பார்த்தார். "தண்ணிய ஊத்தும் வே. உள்ள வேரு கனிஞ்சிக்கிட்டுக் கெடக்கும்."

"நனைஞ்சா சாம்பல் வீணாப் போயிரும் பாய். செடிக்குப் போடணும்லா."

"அப்ப சாம்பலையே கட்டிக்கிட்டு அழும்!"

மறுநாள் பூப்பறிக்கப் போன என் பத்து வயது மகள் அந்தச் சாம்பலில் கால் வைத்தாள். அடியில் கட்டை எரிந்து குழியாகியிருந்தது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அலறல் கேட்டுச் சுவரேறிக் குதித்த பாய்தான் அவளைத் தூக்கினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் பாக்காம மிதிச்சிட்டேன்" என்றாள் மகள். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தழும்பைப் பற்றி யார் கேட்டாலும் அவள் இன்றும் அதையேதான் சொல்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.