இமைக்குள் வெளுப்பு

சிங்கப்பூரில், ஜூரோங் ஷிப்யார்டில் வெல்டராக இருக்கும் வேல்ராசுவுக்கு ஊரில் பதினொரு செம்மறிகள். பரமக்குடிப் பக்கம் அவற்றை மேய்ப்பவள் மனைவி தனக்கொடி. ஞாயிறுதோறும் ரேஸ் கோர்ஸ் ரோடு திடலில் உட்கார்ந்து, வீடியோ காலில் ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துக் காட்டச் சொல்வான். உள்ளே சிவந்திருந்தால் நலம். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது, உடனே மருந்து ஊற்ற வேண்டும்.

மழைக்குப் பிறகும் எல்லா இமைகளும் சிவப்பாகத்தான் தெரிந்தன. “மருந்து வேணாம்” என்று பெரிய வைத்தியன் மாதிரி சொல்லிவிட்டான். அந்த வாரமே நான்கு ஆடுகள் செத்தன.

“இமையெல்லாம் காகிதமா வெளுத்திருக்குன்னு டாக்டர் சொல்றாருங்க,” என்று அழுதாள் தனக்கொடி. “நான்தான் போன்ல முகம் செவப்பா தெரியுற ஃபில்டரைப் போட்டிருந்தேன். உங்க கண்ணுக்கு நான் நல்லா தெரியணும்னு...”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அதை எடுத்துத் தொலை!”

எடுத்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெளிறிப்போன ஒருத்தி திரையில் நின்றாள். இரண்டு வருஷமாக அவன் பார்க்காத முகம்.

“தனம்,” என்றான் மெதுவாக. “உன் இமையை இழுத்துக் காட்டு.”