நெட்டையர்களை மேய்த்த கதை

பாயிண்ட் கார்ட் என்பது, உங்களைவிட ஓரடி உயரமான நான்கு பேரைப் பார்த்து, ஓடிக்கொண்டே, "நீ அங்க போ, நீ இங்க நில்லு" என்று சொல்லி, சரியான ஆள் கையில் சரியான நேரத்தில் பந்தைக் கொடுக்கும் உத்தியோகம். கூடைப்பந்தில் கூடையில் போட்டவனைத்தான் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். கொடுத்தவனை யாரும் தேடுவதில்லை. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு, மேனேஜர் அதை ஸ்லைடு போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்குவதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான்.

என் பெயர் ரியாஸ். சென்னை மண்ணடியில் பிறந்தேன். வாப்பாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்ததால், பதினொரு வயதில் நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்தேன். உயரம் ஐந்தடி பத்தங்குலம். மண்ணடியில் அது நெட்டை. என் தொழிலில் அது குட்டை.

வாயாடி

பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுக்கும் நாளன்று கோச் எங்களை உயர வரிசைப்படி நிற்கவைத்தார். நான் எந்தப் பக்கத்தில் நின்றேன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். எனக்குப் பந்தே வரவில்லை. பந்து வராதவன் என்ன செய்வான்? பேசினேன். "பின்னாடி ஆள் வர்றான்! இடது பக்கம் பாரு! மேக்ஸ், உன் ஆளை விட்டுட்டே!" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் ஆட்டம் முடிகிறவரை கத்திக்கொண்டே இருந்தேன். கத்தியதைக் கேட்டு அந்தந்தப் பையன்கள் அந்தந்த இடத்துக்குப் போனார்கள். எங்கள் பக்கம் ஜெயித்தது. நான் ஒரு பந்துகூடப் போடவில்லை.

மறுநாள் சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், "உம்மா, நான் பேசினதுக்காகவே என்னை எடுத்துட்டாங்க" என்றேன். உம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பினார். "மண்ணடி ஸ்கூல்ல இதுக்குத்தானேடா உன்னை பெஞ்சு மேல ஏத்தி நிக்கவச்சாங்க?"

கை நிறைய பந்து

ஒரு சின்னக் கல்லூரியில் நான்கு வருடம் ஆடி முடித்தேன். பெரிய லீகில் ஆள் எடுக்கும் நாளில் என் பெயரை எந்தச் சுற்றிலும் யாரும் படிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு சின்ன லீக் உண்டு. விமானத்துக்குப் பதில் பஸ், ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் பதில் நெடுஞ்சாலை ஓர மோட்டல். டெக்சஸில் அப்படி ஓர் அணியின் பயிற்சி முகாமுக்குப் போனேன். கடைசி நாளன்று இரண்டு பாயிண்ட் கார்டுகள் மிஞ்சியிருந்தோம், இடம் ஒன்றுதான். இன்னொருவன் என்னைவிட வேகம், என்னைவிட உயரம், ஷாட்டும் நன்றாகப் போடுவான். எனக்குப் பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அணியில் டெரெல் என்று ஏழடி மனிதன் ஒருவன். நாள் முழுக்கக் கூடைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், ஒருவரும் அவனுக்குப் பந்து கொடுக்க மாட்டார்கள். எல்லோரும் தாங்களே போட்டு கோச் கண்ணில் படவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் நான் டெரெலையே பார்த்து ஆடினேன். பந்து என் கைக்கு வந்த போதெல்லாம் அவன் கைக்குப் போனது. அவன் அதைக் கூடைக்குள் திணித்தான். பிறகு கோச் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டபோது, கூப்பிடாமலே டெரெலும் குனிந்து உள்ளே வந்து நின்றான். "கோச், இவனை அனுப்பறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க. ஒரு மாசமா கையைத் தூக்கிட்டு நிக்கறேன், இன்னிக்குத்தான் அதுல பந்து வந்து விழுந்துச்சு."

சூரியனும் ஸ்கோர்போர்டும்

முதல் வருடமே சீசன் நடுவில் ரமலான் வந்தது. நோன்போடு ஆடுவேன் என்றேன். அணியின் பிசியோவுக்குத் தூக்கம் போய்விட்டது. "தண்ணிகூடவா?" என்று தினமும் புதிதாகக் கேட்பார். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் ஓர் ஆட்டம், சாயங்காலம். தோற்றால் அந்த வருடம் அடுத்த சுற்றுக்குப் போகும் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான். பாதி ஆட்டத்தில் நாங்கள் நிறையப் பின்தங்கியிருந்தோம். என் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எதிரணி கோச், "அந்தக் குட்டையனை ஓடவிடுங்க, அவன் களைச்சுட்டான்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

மூன்றாவது கால் பாகத்தில் எங்கள் கோச் திடீரென்று டைம் அவுட் கேட்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நான் பெஞ்சுக்கு வந்தபோது டெரெல் உள்ளங்கையில் மூன்று பேரீச்சம்பழத்தோடு நின்றான், பக்கத்தில் பிசியோ தண்ணீர் பாட்டிலோடு. கோச் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோன்பு திறக்கும் நேரம் ஆகியிருந்தது. கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "சாப்பிடு" என்றார். பிஸ்மில்லா சொல்லி வாயில் போட்டேன். அந்த ஒரு மடக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கிய சுகத்தை நோன்பு வைத்தவர்களிடம் விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம் எனக்கே ஆச்சரியம். இரண்டு பந்தைப் பறித்தேன், கொடுத்ததெல்லாம் கூடையில் விழுந்தது, ஜெயித்தோம். கைகுலுக்க வந்த எதிரணி கோச் என் கையை விடாமல் சொன்னார்: "அடுத்த மேட்சை மத்தியானம் வைக்கச் சொல்லப் போறேன். சூரியன் இறங்கறதுக்குள்ள உன்னை முடிச்சுடணும்."

முழுநேரமாக என்ன பண்றீங்க?

இரண்டாம் வருடம் இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன். அணி என்னை விடுவித்தது. பிளெய்ன்ஸ்பரோவில் அதே அபார்ட்மெண்ட், அதே பழைய கட்டில்.

ஒருநாள் உம்மாவை அழைத்துக்கொண்டு ஐசலினுக்குப் போனேன். நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் ஓட்டலில் இடத்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அங்கிள் என் முழங்கால் பட்டையைப் பார்த்துவிட்டு விசாரித்தார். பாஸ்கெட்பால் ஆடுகிறேன் என்றேன். "அது சரி தம்பி, ஃபுல் டைமா என்ன பண்றீங்க?" என்றார். அதுதான் ஃபுல் டைம் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், நிஜமான இரக்கத்தோடு என் தோளைத் தொட்டார். "கவலைப்படாதீங்க. சின்ன வயசுதான். டேட்டா சயின்ஸ் ஆறு மாசத்துல புடிச்சுக்கலாம்."

ரிஜெக்ட்

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஆஸ்பத்திரி பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்துக் கோர்ட்டில் செய்தேன். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்கக்கூடாது, அதை யாராவது பார்த்துச் சொல்லவேண்டும் என்று பிசியோ கேட்டிருந்தார். வாப்பா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஆபீஸ் விட்டதும் மங்க்கி கேப்போடு வந்து கோர்ட்டு ஓரத்தில் நிற்பார். தொழிற்சாலையில் மாத்திரையைப் பார்க்கிற அதே கண். நான் போட்ட பந்து வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் போனாலும், முழங்கால் துளி ஆடினால், "ரிஜெக்ட்" என்பார்.

எனக்குக் கோபம் வரும். "வாப்பா, பந்து உள்ள போச்சே!" என்பேன். "பந்தை நான் பார்க்கல" என்பார். திரும்பவும் குதிப்பேன். ரிஜெக்ட். பனி கொட்டிய நாட்களில் இருவரும் மண்வெட்டி வைத்து வழித்துவிட்டு ஆரம்பித்தோம். மரங்கள் துளிர்க்க ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம், குதித்து இறங்கிவிட்டு வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு முறை குதித்தேன். அப்போதும் இல்லை. வாப்பா குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பாஸ். லேபிள் ஒட்டி அனுப்பிடலாம்."

நாளைக்கும் சொல்லு

டெக்சஸ் அணி என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் நன்றாக ஆடினேன். அடுத்த சீசனில், மேற்குக் கரையோரம் பே ஏரியாவில் ஒரு பெரிய லீக் அணிக்கு இரண்டு பாயிண்ட் கார்டுகளும் ஒரே வாரத்தில் அடிபட்டு விழ, எனக்கு போன் வந்தது. பத்து நாள் ஒப்பந்தம். பிடித்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் நன்றி வணக்கம். விசா நீட்டிப்புக்குக் காத்திருந்து, தினமும் காலையில் எழுந்ததும் மெயிலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பத்து நாள் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

முதல் மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான்காவதில், கடைசிக் கால் பாகத்தில், வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார்கள். அணியின் நட்சத்திரம் மார்கஸ். ஊரெங்கும் அவன் படம்தான். அவன் வலது மூலையில் நின்று கையைத் தட்டிப் பந்து கேட்டான். அங்கே இரண்டு பேர் அவனை மறித்திருந்தார்கள். இடது பக்கம் காலியாக இருந்தது. நான் பந்தைத் தட்டிக்கொண்டே, "மார்கஸ்! அங்க போ!" என்று கையை நீட்டிக் கத்தினேன். அவன் என்னை முறைத்தான். பிறகு ஓடினான். பந்து அவன் கைக்குப் போனது, உள்ளே விழுந்தது. அடுத்த முறையும் சொன்னேன். அதற்கடுத்த முறை நான் சொல்வதற்கு முன்பே என் கையைப் பார்த்தான். ஜெயித்தோம்.

உடை மாற்றும் அறையில் அவன் நேராக என்னிடம் வந்தபோது, கதை இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தான். "நான் இந்த லீகுக்கு வந்ததிலேர்ந்து என்னை ஒருத்தனும் கையை நீட்டி அங்க போன்னு சொன்னதில்ல. நாளைக்கும் சொல்லு."

பெயர்

ஒப்பந்தத்தை சீசன் முடிவுவரை நீட்டினார்கள். நியூயார்க்கில் ஓர் ஆட்டம். வாப்பாவும் உம்மாவும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி வந்து உட்கார்ந்தார்கள். நம் வழக்கப்படி எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர், ஆகவே பனியனின் முதுகிலும் அதுதான்: ஜைனுலாப்தீன். தோளிலிருந்து தோள்வரை எழுத்து இடம் போதாமல் வளைந்திருக்கும். வாப்பாவின் ஆபீசில் அந்தப் பெயரைச் சொல்ல வராமல், வந்த நாளிலிருந்து அவரை "ஜே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆட்டம் முடியச் சில வினாடிகள். நாங்கள் ஒரு புள்ளி குறைவு. என்னை இடித்துத் தள்ளியதால் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடும் ஷாட். உள்ளூர்க் கூட்டம் என்னைக் குழப்புவதற்காக எழுந்து நின்று, ராகம் போட்டு, "ஜை-னு-லாப்-தீன்! ஜை-னு-லாப்-தீன்!" என்று கத்த ஆரம்பித்தது. கட்டடம் அதிர்ந்தது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. மண்ணடியிலிருந்து போன் வந்தால் கேட்கிற பெயர் அது. முதல் பந்து உள்ளே. கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது. இரண்டாவதும் உள்ளே. எதிரணியின் கடைசி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

வெளியே வந்து இருவரையும் தேடினேன். உம்மா அழுதுகொண்டிருந்தார். வாப்பா அழவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை, நான் படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னார்: "அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருஷத்துல என் பேரை ஒருத்தனும் முழுசா சொன்னதில்லடா. இன்னிக்கு ஊரே சேர்ந்து, எழுத்து விடாம சொல்லித் திட்டிச்சு!"

பந்தைத் தானே வைத்துக்கொள்பவனுக்குப் போஸ்டரும், அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுகிறவனுக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தமும் கிடைக்கிற விசித்திரமான தொழில் இது, ஆனாலும் எனக்குப் போஸ்டரில் ஆசையில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.